எந்தக் கார்டு என்பது கடைசிக் கேள்வி

கேம் ஆடும் கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போடலாமா என்று கேட்கிறவர் பதிலாக எதிர்பார்ப்பது ஓர் எண்ணைத்தான். 4060, 5060, 9060 என்று எதையாவது சொல்லிவிட்டால் திருப்தியாகப் போய்விடுவார். யூடியூபில் பெஞ்ச்மார்க் போடுகிறவர்களும் அந்த எண்ணைத்தான் தருகிறார்கள். ஆனால் அவர்கள் மேசையில் இருப்பது சந்தையிலேயே வேகமான ப்ராசசர், 1000 வாட் எஸ்எம்பிஎஸ், ஏசி ஓடும் அறை. பாலக்கோட்டிலோ அரூரிலோ பென்னாகரத்திலோ ஒரு வீட்டு மேசையில் இருப்பது வேறு: ஏழெட்டு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த பெட்டி, கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், தலைக்கு மேல் ஒரு ஃபேன். இந்த மேசைக்கு எது பொருந்தும் என்று பார்த்தால், கார்டின் பெயர் கடைசியாகத்தான் வரும். ப்ராசசரும் மின்சாரமும் மானிட்டரும் ஊரும் சேர்ந்து பாதி முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன.

ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் தருமபுரி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. வேலைக்கு ஓசூர், பெங்களூரு என்று போய்வரும் பிள்ளைகள் இங்கே அதிகம். கணினி உதிரிப் பாகங்களும் அதே வழியில்தான் வருகின்றன. சேலம் 65 கிலோமீட்டர், பெங்களூரு எஸ்.பி. ரோடு 130 கிலோமீட்டருக்குச் சற்று மேல், சென்னை ரிச்சி தெரு அதைவிட இரண்டு மடங்கு தூரம். உள்ளூர்க் கடைகள் பிரிண்டர், சிசிடிவி, லேப்டாப் சர்வீஸ் என்று பிழைப்பவை. விலையுயர்ந்த கார்டு வேண்டுமென்றால் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். சென்னை, கொல்கத்தா, மும்பைக் கடைகளிடம் ஆன்லைனில் வாங்கலாம், இரண்டு மூன்று ஆயிரம் குறையவும் செய்யும். ஆனால் கார்டு வந்த பத்தாம் நாள் திரையில் கோடு விழுந்தால், சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும். ஒரு நாள் வேலையை விட்டுப் போகவேண்டும், அல்லது கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அதனால் இங்கே வாரண்டிக்கு, பெருநகரத்துக்காரர் தருவதைவிட அதிக மதிப்பு தரவேண்டியிருக்கிறது. வாரண்டியைக் கார்டின் வரிசை எண்ணை வைத்துப் பார்க்கும் நிறுவனமும் உண்டு, பில்லைக் கேட்கும் நிறுவனமும் உண்டு. எது என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஆன்லைனில் வந்த பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைக்கவேண்டும். அது இல்லாமல் உடைந்து வந்த பொருளுக்கு நியாயம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்து அளவெடுப்பது. கேம் திக்கித் திணறுகிறது என்றால் குற்றவாளி கார்டுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஆடும்போதே கார்டும் ப்ராசசரும் எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்று திரையின் மூலையில் பார்க்கலாம். கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் அதுதான் மூச்சு வாங்குகிறது. கார்டு 60இல் படுத்துக்கொண்டு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏற மறுத்தால் ப்ராசசரோ ராமோ காலை வாருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு: ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பார்ப்பது. எஃப்பிஎஸ் துள்ளி ஏறினால் கார்டை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அசையாமல் இருந்தால், அங்கே 30,000 ரூபாய் கார்டு போட்டாலும் அசையாது.

ஒரே ஒரு 8 ஜிபி ராம் குச்சியோடு ஓடும் கணினிகள் நம் பக்கம் ஏராளம். அதே அளவில் இன்னொரு குச்சி சேர்த்தால் நினைவகம் இரண்டு பாதைகளில் ஓடும். பல கேம்களில் திக்கல் அதிலேயே குறைந்துவிடும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட் போன்றவை கார்டைவிட ப்ராசசரையே அதிகம் பிழிபவை. 2017இல் வந்த, இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5-7500-இல் நான்கு கோர், நான்கு த்ரெட். அதன்மேல் எந்தப் புதுக் கார்டை ஏற்றினாலும் பாதி சும்மா கிடக்கும். இதில் ரைசன் வாங்கியவர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். ஏஎம்4 சாக்கெட் கொண்ட பழைய பி450 போர்டில் பயாஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 5 5600 போட்டுவிடலாம். போர்டையும் ராமையும் தொடவே வேண்டாம். ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலிலும் அந்த ப்ராசசர் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துபோனது. அவருடைய கேள்வி கார்டைப் பற்றியதே அல்ல, முழுப் பெட்டியைப் பற்றியது.

மானிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படத்துக்குமேல் காட்டாது. கார்டு 140 தயாரித்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். இன்னும் 1366×768 திரையில் ஆடுகிறவர்கள் முதலில் திரையை மாற்றினால் கண்ணாவது பிழைக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தே விஜிஏ சிக்னல் கார்டுகளில் கிடையாது. பழைய நீலமுனை கேபிள் மானிட்டரோடு புதுக் கார்டு வாங்கிவந்து, இரவு பத்து மணிக்குக் கன்வர்ட்டர் தேடி அலைவது சிறு ஊர்களில் வழக்கமான காட்சி.

இனி எஸ்எம்பிஎஸ். இந்த மாவட்டத்தில் ஒருவர் கார்டு மாற்ற நினைத்தால் நான் முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி இதன் லேபிளைத்தான் பார்க்கச் சொல்வேன். மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். அதற்குமேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கேபிள் வரவேண்டும்: ஆறு முனை என்றால் இன்னொரு 75, எட்டு முனை என்றால் 150. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650-இல் பல மாடல்கள், 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 ஆகியவை ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடிவிடும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட்டும் 5060-க்கு 145 வாட்டும் வேண்டும். இரண்டுக்கும் ஓர் எட்டு முனைக் கேபிள் போதும். என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். பழைய ஆர்எக்ஸ் 580 மட்டும் 185 வாட் குடிக்கும். வேகத்தில் 4060-க்கு வெகு பின்னால் நின்றுகொண்டு 70 வாட் அதிகம் கேட்கும்.

கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளில் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். கார்டும் ப்ராசசரும் எடுத்துக்கொள்வது 12 வோல்ட் வரிசையிலிருந்து. லேபிளில் அந்த வரிக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்கினால் உண்மை வெளிவரும். 15 ஆம்பியர் என்றால் 180 வாட்தான். இதில் எட்டு முனைக் கேபிளே இருக்காது. மோலெக்ஸ் கன்வர்ட்டர் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்படி ஒப்பேற்றிய எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் சில நேரம் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கிராமப்புற மின்னிணைப்பில் மாலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்குவதும், மின்சாரம் போய்த் திரும்பும்போது எகிறுவதும் யாருக்கும் புதிதல்ல. நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் சமாளிக்கும், மலிவானதால் முடியாது. யுபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ்ஸின் உண்மையான தாங்குதிறன் 360 வாட் அளவுதான். புதுக் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால், அது ஒரு முறை கத்திவிட்டு மொத்தத்தையும் அணைத்துவிடலாம். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி கொண்ட நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. சைன் அலை வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிற வீடுகளில் எர்த் கம்பியைச் சரிசெய்வதற்கு எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய்தான் அந்தக் கணினியில் செய்யக்கூடிய மிகச் சிறந்த அப்கிரேடு.

மின் கட்டணத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆடும்போது மொத்தப் பெட்டியும் 250 வாட் எடுத்து, நாளைக்கு மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். மின்வாரியம் வீடுகளுக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் இது கிட்டத்தட்டப் பாதி. ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடும் வீட்டில், அந்த எல்லையைத் தாண்டவைக்கிற 45 யூனிட் பில்லை எப்படிப் புரட்டிப்போடும் என்பதை அப்பாக்கள் நன்றாகவே அறிவார்கள்.

வெயிலும் தூசியும் தனிக் கதை. ஏப்ரல், மே மாதங்களில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது கார்டின் ஃபேன் அந்தக் காற்றைத்தான் ஊதுகிறது. ஏசி அறையில் 65 டிகிரியில் நின்றதாக விமர்சகர் சொன்ன கார்டு இங்கே 80ஐத் தொடும். ஒற்றை ஃபேன் கார்டில் நானூறு ஐந்நூறு மிச்சம் பிடிப்பதைவிட இரட்டை ஃபேன் கார்டு வாங்குவது மேல். கேபினெட்டின் முன்புறம் கண்ணாடி மூடியதாக இல்லாமல் சல்லடைத் தகடாக இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை ப்ளோயர் பிடித்துத் தூசியை ஊதவேண்டும். அதோடு வெப்பப் பசையை மாற்றியதுமே பழைய கார்டு உயிர்பெற்று, அப்கிரேடு எண்ணமே ஆறு மாதம் தள்ளிப்போனதும் உண்டு.

பெங்களூரு அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. ஊரில் முதல் கேமிங் கணினி பல பேருக்கு இதுதான். ஒல்லியான எஸ்எஃப்எஃப் வகையில் எஸ்எம்பிஎஸ் அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவம். ஆப்டிபிளெக்ஸ் 7050-இல் அது 180 வாட்தான், கடையில் வாங்கி மாற்றவும் முடியாது. இவற்றுக்கு அரை உயரக் கார்டுதான் நுழையும், கேபிள் கேட்காததாகவும் இருக்கவேண்டும். ஆகவே குட்டை வடிவ ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவை தவிர வேறு பேச்சே இல்லை. நெட்டையான டவர் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள், இடமாவது இருக்கும்.

சந்தையின் சமீப வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால், காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று புரியும். 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி 249 டாலருக்கு வந்தது. 2020 கடைசியிலிருந்து கொரோனாப் பற்றாக்குறையும் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் தோண்டுகிறவர்களும் சேர்ந்து கார்டு விலையை இரண்டு மடங்குக்கும் மேலே தூக்கினார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டை வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் செத்தது. செகண்ட் ஹேண்ட் சந்தை நிரம்பி வழிந்தது. மூன்று வருடம் கழித்து வேறொரு புயல்: செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத்துக்குத் தொழிற்சாலைகள் திரும்பியதில், 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், பொதுமக்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. கார்டிலும் இருப்பது நினைவகம்தான். இந்தச் சூழலில் தேவை உண்மையாக இருந்தால் காத்திருப்பதில் லாபம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அமெரிக்க விலையைப் பார்த்து நம் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று பொருமுவதும் நியாயமில்லை. அங்கே சொல்லும் 299 டாலரில் விற்பனை வரி சேராது. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 25,415. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறத்தாழ 30,000 ஆகிவிடும். கடைக்காரரின் லாபம் அதற்குப் பிறகுதான்.

எதை மாற்றலாம், எதை மாற்றவேண்டாம்? என் கணிப்பில் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்காரர்களுக்கு நேரம் வந்துவிட்டது. 1060, 1050 டிஐ முதலியவற்றுக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. இந்த வாசலில் 1060 மட்டுமல்ல, அதைவிட இளைய 1650-உம் வெளியே நிற்கிறது. ஆர்டிஎக்ஸ் 2060, 3060 வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். டிஎல்எஸ்எஸ் வழியாகத் தெளிவைக் கூட்டும் புதிய முறை 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கிடைக்கிறது. புது வரிசைகளுக்கு மட்டும் என்று விளம்பரப்படுத்தும் ஃபிரேம் ஜெனரேஷன், இரண்டு படங்களுக்கு நடுவில் கற்பனைப் படங்களைச் செருகி எண்ணைக் கூட்டுகிறது. மவுஸை அசைத்தபின் திரை அசைய ஆகும் நேரத்தை அது குறைப்பதில்லை. 30 எஃப்பிஎஸ்ஸில் திணறும் கேமை 90 என்று காட்டினாலும் கைக்கு அது 30 ஆகத்தான் தெரியும்.

உண்மையான தலைவலி நினைவக அளவு. 5060-இல் 8 ஜிபி. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டும் 8, 16 என இரு அளவில் வருகின்றன. ஒரே பெயர், ஒரே பெட்டி நிறம். கவனிக்காமல் வாங்கினால் போச்சு. 2021இல் வந்த 3060 மட்டும் விசித்திரமாக 12 ஜிபி கொண்டது. 8 ஜிபி நிரம்பினால் மிச்சப் படங்களைக் கணினியின் ராமிலிருந்து பிசிஐ பாதை வழியாக இழுக்கவேண்டும். 5060, 5060 டிஐ கார்டுகள் அந்தப் பாதையில் எட்டு வழித்தடங்களை மட்டுமே பயன்படுத்துபவை. புதிய போர்டில் தெரியாது. பிசிஐ 3.0 மட்டுமே உள்ள எச்110, எச்310, பி450 போர்டுகளில் இது திடீர்த் திக்கலாக வெளிப்படும். 9060 எக்ஸ்டி பதினாறு வழித்தடங்களையும் எடுத்துக்கொள்வதால் பழைய போர்டுக்காரர்களுக்கு அது மேல். இன்டெல்லின் ஆர்க் பி580 குறைந்த விலையில் 12 ஜிபி தருகிறது. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அது பாதிக் கார்டு, பழைய ப்ராசசரோடும் அதற்கு ஒத்துவராது. அதாவது மலிவான கார்டு யாருக்கு அதிகம் தேவையோ அவருடைய கணினியில்தான் அது சரியாக ஓடாது.

1080பி-யில் நடுத்தர செட்டிங்ஸில் ஆடுகிறவருக்கு 8 ஜிபி இன்னும் சில காலம் ஓட்டும். ஐந்து வருடம் மாற்றமாட்டேன் என்கிறவர் 8 ஜிபி கார்டுக்குப் புதுவிலை கொடுக்கக்கூடாது. அழகான கேம் என்றாலே பெரிய கார்டு என்பதும் இல்லை. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சுற்றி நடக்கும், டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா என்ற கேம் தனிக் கார்டே இல்லாத கணினியில் ஓடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்குத் தோண்டலுக்கு ஓடிய கார்டு என்றாலே பயம். அந்தப் பயம் பாதிதான் நியாயம். சீரான வெப்பத்தில் ஓடிய சிப் எளிதில் சாவதில்லை, தேய்வது ஃபேனும் நினைவகத்தின் மேல் ஒட்டிய பட்டைகளும்தான். அதைவிடப் பெரிய ஆபத்து போலிக் கார்டு. பத்து வருடப் பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018இலிருந்து இப்படிப்பட்டவற்றைப் போலி என்றே காட்டிக்கொடுக்கிறது. ஆர்எக்ஸ் 580 என்று வருபவற்றில் 2048 ஷேடர் மட்டும் உள்ள, சீனச் சந்தைக்காக வந்த தாழ்ந்த வகையும் கலந்திருக்கும். அசலுக்கு 2304 இருக்கவேண்டும். விற்பவர் வீட்டில் கார்டைப் போட்டு, அரை மணி நேரம் ஒரு கனமான கேமை ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பார்க்காமல் பணம் எடுக்கக்கூடாது. பேருந்தில் பார்சல் அனுப்புகிறேன், ஜிபே பண்ணுங்கள் என்கிறவரிடம் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேமுக்காக மட்டும் வாங்குகிறவரைவிட, வேலையும் சேர்ந்திருப்பவருக்குக் கணக்கு எளிது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் தாலுகாவுக்குத் தாலுகா இருக்கிறார்கள். புதிய கேமராக்கள் பதிவுசெய்யும் 10-பிட் 4:2:2 கோப்புகளை நேரடியாக ஓட்டும் வசதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. அவர்களுக்கு 5060 ஒரு முகூர்த்த சீசனிலேயே தன் காசைத் திருப்பிவிடும். செட்டிக்கரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் பிளெண்டரும் சின்ன மொழி மாதிரிகளும் ஓட்டிப் பார்க்க விரும்பினால், வேகத்தைவிட நினைவகம் முக்கியம்; அவருக்குப் பழைய 12 ஜிபி 3060தான் என் தேர்வு. 2011இலிருந்து அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் கணினி பழகியவர்களுக்கு ஒரு தகவல்: அவற்றில் கார்டு போட இடமே கிடையாது, யார் என்ன சொன்னாலும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவர் கையில் 35,000 ரூபாயும் ஜிடிஎக்ஸ் 1060-உம் பி450 போர்டும் இருந்தால் நான் சொல்வது இது: முதல் செலவு 550 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ், தேவையென்றால் அடுத்தது ரைசன் 5600. மீதிக்கு வருகிற கார்டு, செகண்ட் ஹேண்ட் 3060 ஆனாலும் போதும். முழுப் பணத்தையும் கார்டில் போட்டுப் பழைய பெட்டியில் செருகுவதைவிட இது நன்றாக ஓடும். கழற்றிய 1060-ஐ உடனே விற்றுவிடவேண்டும். டிரைவர் நின்ற செய்தி பரவப் பரவ அதன் விலை இறங்கிக்கொண்டே போகும். கேபிள் கேட்காத 1050 டிஐ மட்டும் விதிவிலக்கு. அலுவலகப் பெட்டி வாங்கிய பையன்கள் இருக்கும்வரை அதற்குக் கிராக்கி இருக்கும்.